சனிக்கு அப்பாலிருந்து பார்த்தால்

“சார், அவ்ளோ தூரத்துல நின்னு நம்மளப் பாக்குறது யாரு?”

கேட்டது தேன்மொழி, நான்காம் வகுப்பு. கோத்தா திங்கி ஊரிலிருந்து உள்ளே, எண்ணெய் தரும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் மண்டபத்தில், வானத்தைப் படமாகக் காட்டக் குணாளன் காற்றடித்து நிறுத்தியிருந்த வட்டக் கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்தபடி அவள் அதைக் கேட்டாள். வெளியே காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அமாவாசை. ரப்பர் துணியின் வாடையும், பிள்ளைகளின் காலுறை நாற்றமும், தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைகளின் மணமும் ஒன்றாய்க் கலந்து கனத்திருந்த அந்த இருட்டில், கூரை முழுவதும் சனிக்கோளின் வளையங்கள் கத்தி முனைபோல் மெலிந்து ஒளிர்ந்தன. அவற்றுக்குக் கீழே, திரையின் விளிம்பில், ஒரு நீலப் புள்ளி.

“அதான் பூமி,” என்று குணாளன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். “ஒங்க ஸ்கூலு, ஒங்க வீடு, ஒங்க கோயிலு எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. தெரியுதா? தெரியாது. ஏன்னா அதெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

இந்த வாக்கியத்தை அவன் எல்லாப் பள்ளிகளிலும் சொல்வான். சொல்லும்போது நாக்கில் ஒரு ருசி தட்டும். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துவிட்டு, கடைசியில் ஒரு புரொஜெக்டரையும் காற்றுக் கூடாரத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிகளில் முட்டி போட்டுத் தவழ்கிறவனுக்கு, உலகத்தைச் சிறியதாக்கிக் காட்டுவதில் ஒரு நிம்மதி இருந்தது. மனிதர்களைச் சிறுமைப்படுத்தத் தூரத்தைப்போல் வசதியானது வேறில்லை.

சனி திரையில் ஏறியதுமே பிள்ளைகளில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஒரு சிலர் படுத்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“யாரு அங்க மூஞ்சியத் திருப்புறது? இது சாமி இல்ல, வெறும் காத்து உருண்டை. எல்லாரும் நேரா மேல பாருங்க.”

பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“யாரும் இல்ல. கேமரா,” என்றான் குணாளன்.

“இல்ல சார். கேமராவே போகாத எடத்துலேருந்தும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப அங்கேருந்து பாக்குறது யாரு?”

பதில் வராததுதான் அவனை எரிச்சலாக்கியது.

“ஒங்க அப்பாதான் பனங்குலை வெட்டுற ஏணிய எடுத்துக்கிட்டுப் போய் ஏறி நின்னு பாக்குறாரு. போதுமா?”

கூடாரமே குலுங்கச் சிரிப்பு. “ஏணி, ஏணி” என்று யாரோ ஓர் ஓரத்தில் கூப்பிட ஆரம்பித்தார்கள். தேன்மொழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியபோது, ஒரு சின்ன விஷயம் சரியில்லாமல் இருந்தது. விளிம்பில் இருக்க வேண்டிய நீலப் புள்ளி, கூரையின் நட்ட நடுவில் இருந்தது. குணாளன் விசைப்பலகையைத் தொடவில்லை. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்ப்பாரே, அப்படித் திரும்பியிருந்தது காட்சி.

ஓய்வு நேரத்தில் அவன் வேன் கதவில் சாய்ந்து நின்றபோது, தேன்மொழி கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டோடு வந்தாள். தட்டில் கறி பொதிந்து பொரித்த இரண்டு கறிபாப்.

“சார் இன்னும் சாப்புடலன்னு ஷாமளா டீச்சர் சொன்னாங்க. இது அம்மா போட்டது.”

அவளுடைய சாப்பாடு அது என்பது பார்த்தாலே தெரிந்தது. குணாளன் இரண்டையும் எடுத்துக்கொண்டான். நன்றி சொல்லும் பழக்கம் அவனுக்கு இல்லை. சூடாகத்தான் இருந்தன.

*

அடுத்த நிகழ்ச்சி சிகாமட்டில். அவனுடைய படம் எப்போதும் நெப்டியூனுக்கு வெளியே தொடங்கி, யுரேனஸ், சனி, வியாழன் என்று உள்ளே வரும். அன்று செவ்வாயில் தொடங்கியது. தோட்டத்துச் செம்மண் பாதையை மழை பெய்யாத மாதத்தில் பார்த்ததுபோல் துருவேறிக் கிடந்த அந்தத் தரைக்கு மேலே, விடியற்கால வானத்தில், பூமி ஒரு விடிவெள்ளி. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு குட்டி வெள்ளி, நிலா. அழகான காட்சிதான். ஆனால் அவன் போட்ட காட்சியல்ல. அது அசையாமலும் இல்லை. மிக மெதுவாக ஏறி, மிக மெதுவாக இறங்கியது. கவனித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, தூங்குகிறவரின் நெஞ்சு அப்படித்தான் ஏறி இறங்கும்.

இன்னொன்றும் இருந்தது. வாடை. காலுறைக்கும் ரப்பருக்கும் அடியில், வெல்டிங் பட்டறையில் வருமே, காய்ந்த இரும்பு வாடை. விண்வெளிக்குப் போய் வந்தவர்களின் உடுப்பில் அப்படித்தான் வாடை வருமாம் என்று அவனே பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. அன்று புரொஜெக்டரை முகர்ந்து பார்த்தான். அது குளிர்ந்திருந்தது.

வேனில் ஏறியதும், புரொஜெக்டரை விற்ற ஆசிக்குக்குப் போன் போட்டான். ஆசிக் ஜொகூர் பாருவில் கடை வைத்திருப்பவன்; அப்பாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில்.

“ஆசிக், படம் தானா எடத்த மாத்துது. என்ன சாமான்டா வித்த எனக்கு?”

“அலமாக், அண்ணே. அது தானா ஒண்ணும் மாத்தாது. நீங்க கைய வச்சிருப்பீங்க.”

“நான் தொடவே இல்ல.”

“அப்ப பேய் தொட்டுருக்கும் லா,” ஆசிக் சிரித்தான். பிறகு, “அண்ணே, ஒழுங்காத் தூங்குறீங்களா? குரலே சரியில்ல. கடைக்கு வாங்க, ஒரு தே தாரிக் டீ அடிச்சிட்டு அந்த மெஷினையும் பாத்துருவோம்.”

“தோட்டத்து ஜனங்க மாதிரி பேய் பிசாசுன்னு பேசாத,” என்று குணாளன் போனை வைத்தான். கூப்பிட்ட கடைக்கு அவன் போகவில்லை.

*

ஜொகூர் பாருவில் கோயில் மண்டபம் ஒன்றில் நிகழ்ச்சி. படம் நிலாவிலிருந்து தொடங்கியது. சாம்பல் மேட்டுக்கு மேலே பூமி பெரிதாக, நீலமாக, ஈரமாகத் தொங்கியது. மலாயாத் தீபகற்பம் மேகத்துக்கு நடுவே தெரிந்தது. அதன் தென்முனையில் ஒரு வெள்ளைச் சுருள். புயல் மேகம். சுருள் சுற்றிக்கொண்டிருந்தது.

கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தபோது, கடல் பக்கத்து வானம் கறுத்து, பாலத்தில் சிங்கப்பூர் போகும் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. மழை அதே இடத்தில், அதே உருவத்தில் இறங்கியது.

“அந்த சாப்ட்வேர் வெர்ஷன்ல லைவ் மேகமே இல்லண்ணே,” என்றான் ஆசிக் போனில். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “அதுல எப்பவும் ஒரே பழைய மேகம்தான். நீங்க எதப் பாத்தீங்க?”

குணாளன் போனை வைத்தான். அவன் உச்சந்தலையில் ஒரு குளிர். ஐஸ் கட்டியை யாரோ தொடாமல், ஆனால் மிகப் பக்கத்தில் பிடித்திருப்பதுபோல்.

அதன் பிறகு அவன் தெருவோரங்களில் கூரை நிழலை ஒட்டியே நடந்தான். உயரமான மாடியில் இருந்தது அவன் வீடு. விடிகாலையில் சன்னலோரம் நின்று, சிங்கப்பூர் வேலைக்கு விரையும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்து “எறும்புங்க” என்று சொல்லிக்கொள்வது அவனுக்கு நெடுநாள் பழக்கம். இப்போது அந்தச் சொல் வாயில் வந்ததும் நின்றது. அதே சொல்லை, அதே அலட்சியத்தோடு, தன்னைப் பார்த்து யாரோ இன்னும் உயரத்திலிருந்து சொல்வதாகத் தோன்றியது. கோபம்கூட அந்த அலட்சியத்தில் இல்லை. கோபம் இருந்தால்கூட அது ஒரு மரியாதை. இது, தரையில் ஊர்வது எது என்று கட்டைவிரல் நுனியை வைத்துப் பார்க்கிறவரின் அலட்சியம்.

தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்தான். பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவன் ஒப்பவில்லை. பயப்படுவது கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களின் வேலை.

அதனால்தான், கோத்தா திங்கி பள்ளியின் தலைமையாசிரியர் சதாசிவம், மிச்சமிருந்த வகுப்புகளுக்காகக் கூப்பிட்டபோது, முடியாது என்று சொல்லவில்லை.

*

அவன் போய்ச் சேர்ந்தபோது திடலில் பிள்ளைகள் காலைச் சபைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் ஆலையின் புளித்த வாடை காற்றில் மிதந்தது. ஷாமளா டீச்சர் மண்டபக் கதவைத் திறந்துவிட்டார்.

“சார், அன்னிக்குக் கேள்வி கேட்டாளே தேன்மொழி. இப்பல்லாம் கிளாஸ்ல கையே தூக்க மாட்டேங்குறா. ஏணின்னு பேர் வச்சிட்டானுங்க. ஷூவெல்லாம் எடுத்து ஒளிச்சு வைக்கிறானுங்க. நீங்க இன்னிக்கு அவகிட்ட ஒரு வார்த்த நல்லாப் பேசிட்டீங்கன்னா அடங்கிருவானுங்க.”

“பாப்போம்,” என்றான். கண்டிப்பது டீச்சர் வேலை, தன் வேலை அல்ல என்று சொல்ல நினைத்து, எதனாலோ சொல்லவில்லை.

காற்று விசிறியைப் போட்டான். கூடாரம் பெருமூச்சு விட்டபடி எழுந்து நின்றது. டீச்சரோடு அலுவலகத்துக்குப் போய் மின்கம்பி நீட்டிப்பு ஒன்றை வாங்கி வந்தான். திரும்பியதும் வாசலைப் பார்த்தான். எந்தப் பள்ளியிலும் தலைகளை எண்ணுகிறவன் அல்ல அவன். கறுப்புக் காலணிகள் வெளியே கிடந்தால் உள்ளே பிள்ளைகள் உண்டு, இல்லையென்றால் இல்லை. வாசல் சுத்தமாக இருந்தது. யாரும் இல்லை. முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிடலாம். துணிக் குழாய்க்குள் தவழ்ந்து உள்ளே போனான்.

படத்தைப் போட்டான்.

பச்சை. கூரை முழுக்கப் பச்சை. ஒரு கணம் அது என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது, மேலிருந்து பார்த்த செம்பனை மரங்கள், நட்சத்திர நட்சத்திரமாக, முடிவில்லாத வரிசைகளில். நடுவே பழுப்பு நிறத்தில் வளைந்து போகும் ஆறு. அப்புறம் துருப்பிடித்த ஒரு தகரக் கூரை. திடல். திடலில் கோடு கோடாகப் புள்ளிகள்.

இந்தப் பள்ளி.

கூரை நெருங்கி வந்தது. தகரத்தின் ஆணிகள் தெரிந்தன. தகரத்தைத் தாண்டியது. மண்டபத்தின் நடுவே ஒரு வெள்ளை முட்டை, மெல்ல நடுங்கிக்கொண்டு. அவனுடைய கூடாரம்.

காட்சி அங்கே நின்றது. ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

குணாளன் புரொஜெக்டரின் கம்பியைப் பிடுங்கினான். லென்ஸ் அணைந்தது. காட்சி அணையவில்லை.

காய்ந்த இரும்பு வாடை.

பிறகு அது துணியையும் தாண்டியது. கூரையில் சாம்பல் நிறத்தில் வட்டமாய் ஒரு பாய். நடுவே குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். தலை மட்டும், தோள் மட்டும். கையில் பிடுங்கிய கம்பி. அவன் கையை அசைத்தான். கூரையில் இருந்தவனும் அசைத்தான். இவ்வளவு சின்ன ஆளா நான் என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் காட்சி அவனிடம் நிற்கவில்லை. அவனைத் தாண்டி நகர்ந்தது. பார்த்தாகிவிட்ட பொருளை ஒதுக்குவதுபோல். பாயின் ஓரத்துக்கு, கூடாரத்தின் சுவரோரத்துக்கு.

அங்கே இன்னொரு தலை இருந்தது.

சின்னத் தலை. இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெஞ்சோடு ஒரு ஜோடிக் கறுப்புக் காலணியை அணைத்தபடி. யாரும் எடுத்து ஒளிக்காமல் இருக்க, கையோடு கொண்டு வந்திருந்தாள்.

காட்சி அவளை நடுவுக்குக் கொண்டு வந்தது. இதுவரை இல்லாத நிதானத்தோடு. தேடியது கிடைத்துவிட்ட நிதானம்.

“தேன்மொழி,” என்றான் குணாளன். “தேன்மொழி, மேல பாக்காதம்மா.”

இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “திட்டுவீங்களா சார்? மணி அடிச்சதும் போயிருவேன்.”

“திட்டல. தலையக் குனிஞ்சுக்க. அப்படியே தவழ்ந்து வெளிய போ.”

“ஷூ...”

“எடுத்துக்க. குனிஞ்சே போம்மா. மேல பாக்காத.”

அவள் நகர்ந்தாள். காட்சியும் நகர்ந்தது. கூரை முழுக்க இப்போது அவள் பிடரி. ரிப்பனின் நூல். வகிட்டின் வெள்ளைத் தோல். ஒவ்வொரு மயிர்க்காலும் அடிமரம் அளவுக்கு. அவன் தலைக்கு மேல் துணி உள்வாங்கித் தொங்கியது, மேலே எதுவோ கை ஊன்றியதுபோல். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் இல்லை.

குழாயின் வாய் இன்னும் தள்ளி இருந்தது. அவள் தயங்கினாள். பின்னல் அசைந்தது. எந்தப் பிள்ளையும் செய்வதைத்தான் அவளும் செய்யப்போனாள். தலையை நிமிர்த்த.

குணாளன் பாயில் மல்லாந்தான்.

கைகளை இரண்டு பக்கமும் விரித்தான். கண்களைத் திறந்தான். ஒதுங்காமல், முகம் திருப்பாமல், நேராக மேலே பார்த்தான்.

காட்சி நின்றது.

பிடரி விலகியது. கூரை சுழன்றது. ஒரு முகம் வந்தது, அவன் முகம், விளிம்பிலிருந்து விளிம்புவரை. நரைத்த மீசை. பயத்தில் திறந்த வாய். இன்னும் கிட்டே. தோலின் குழிகள். இன்னும். கண்ணின் வெள்ளை, அதில் சிவப்பு நரம்புகள், ஆறுகளைப்போல். கண்ணின் கருமை. அவன் இமைக்கவில்லை. குழாயில் துணி உரசும் சத்தம் கேட்டது. முழங்கால்கள். சின்ன முழங்கால்கள். வெளியே.

கருமை.

பிறகு அது எழும்பத் தொடங்கியது, அதோடு அவனும்.

அவன் கீழே பார்த்தான். வட்டப் பாய். பாயின் நடுவில் ஓர் ஆள் படுத்த அழுத்தம். ஆள் இல்லை.

கூடாரம் முட்டையானது. மண்டபத்தின் படியில் ஒரு சின்னப் பெண் குந்தி உட்கார்ந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்று கைகூப்பினாள். திடலில் இறைவணக்கம் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. யாருக்கும் தெரியாது. பாட்டு அவனுக்குக் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் வாயசைவு மட்டும். அப்புறம் புள்ளிகள். அந்தப் புள்ளிகளில் அவள் எது என்று அவன் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தகரக் கூரை. பனை. ஆறு. நூல்போல் ஒரு பாலம். கடல். மேகம். வளைந்த நீலம்.

கண்ணை மூடப் பார்த்தான். மூட இமை இல்லை.

சாம்பல் நிலா கடந்து போனது. துரு நிறத்தில் ஓர் உருண்டை. கோடு போட்ட பெரிய ஒன்று. குளிர். கத்தி முனைபோல் வளையங்கள். அவற்றுக்குக் கீழே, எட்டாத தொலைவில், ஒரு நீலப் புள்ளி.

அங்கே நின்றது.

இருட்டில், அவனுக்கு மிகப் பக்கத்தில், இரும்பு வாடையோடு ஏதோ ஒன்று, அவனுக்கு இடம் கொடுப்பதற்காக, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.